டேக்கில் டிஆர்வி என்று இருந்தாலும் பெட்டியை மும்பையில் எடுத்துத்தான் ஆக வேண்டும்

போன வருஷம் ஷார்ஜாவில் இருந்து என் மைத்துனன் மும்பை வழியாகத் திருவனந்தபுரம் வந்தான். நான் களியக்காவிளையில் இருந்து வண்டி எடுத்துக்கொண்டு போய் விமான நிலைய வாசலில் நின்றிருந்தேன். தோளில் ஒரு பையோடு மட்டும் வெளியே வந்தவன் சொன்ன முதல் வார்த்தை: "அத்தான், பெட்டியைக் காணல. டேக்குல டிஆர்வின்னுதானே போட்டிருக்கு?" டிஆர்வி என்பது திருவனந்தபுரம் விமான நிலையத்தின் குறியீடு. ஷார்ஜாவில் பெட்டி போட்ட கவுன்டரில் "நேரா திருவனந்தபுரத்துல எடுத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் நம்பி, மும்பையில் கைப்பையோடு நேரே உள்நாட்டு விமானத்துக்குப் போய்விட்டான். பெட்டி மும்பை பெல்ட்டில் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று நாள், இரண்டு ஃபோன், பாஸ்போர்ட் நகல், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த ஒரு தாள், அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. குழந்தைக்கு வாங்கிய சாமான் உள்ளே இருந்ததால் வீட்டில் அந்த மூன்று நாளும் யாருக்கும் நிம்மதி இல்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். அதனால் இது எப்படி வேலை செய்கிறது என்று விவரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த டேக். கைப்பிடியில் சுற்றி ஒட்டுகிற நீளமான தாளில் பெரிய எழுத்தில் டிஆர்வி என்று இருக்கும், அது மனிதர்கள் படிப்பதற்கு. இயந்திரம் படிப்பது பார்கோடு. அதற்குள் இருப்பது பத்து இலக்க எண் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பத்தில் இரண்டாவது முதல் நான்காவது வரை உள்ள மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும் (ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176), கடைசி ஆறு இலக்கம் அந்தப் பெட்டியின் வரிசை எண். யாருடைய பெட்டி, எந்த விமானம், எந்த ஊர் என்பது எதுவும் பார்கோடில் கிடையாது. நாம் பெட்டியைக் கொடுத்த அதே நிமிஷத்தில் கவுன்டர் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு செய்தி தனியாகப் போகிறது: இந்த எண்ணுள்ள பெட்டி, இந்தப் பயணியுடையது, இந்த விமானத்தில் ஏறி, அந்த ஊரில் மாறி, கடைசியாக இங்கே இறங்கும் என்று. கன்வேயரில் பெட்டி ஓடும்போது சுற்றிலும் இருக்கிற ஸ்கேனர்கள் எண்ணைப் படிக்கும், கம்ப்யூட்டர் அந்தச் செய்தியோடு ஒத்துப் பார்த்து, சரியான கிளைப்பாதைக்குத் தள்ளிவிடும். எண் படிக்க முடியவில்லை என்றால் பெட்டி ஒதுங்கி நிற்கும், ஒரு ஆள் வந்து கையால் பதிய வேண்டும்.

இதனால்தான் பழைய டேக்கைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்கிறார்கள். பெரிய டேக்கை எல்லோரும் கிழித்துவிடுவார்கள், ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் தனியாக ஒட்டிய குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களை யாரும் கவனிப்பதில்லை, போன பயணத்தில் ஒட்டியது, அதற்கு முந்திய பயணத்தில் ஒட்டியது என்று நாலைந்து சேர்ந்திருக்கும். ஸ்கேனருக்கு எது புதுசு எது பழசு என்று தெரியாது. நகத்தால் சுரண்டியாவது எடுத்துவிடுங்கள். கயிறு சுற்றிய அட்டைப்பெட்டியும் போர்வையில் உருட்டிக் கட்டிய மூட்டையும் இந்த இயந்திரங்களுக்கு ஆகாது. கயிறு இடுக்கில் மாட்டும், உருண்டை உருண்டு போகும். தட்டையான பக்கம் ஒன்றுகூட இல்லாத சாமான்களை ஏற்க மாட்டோம் என்று துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலேயே விதி வைத்துவிட்டது.

சரி, எண்ணும் செய்தியும் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது பெட்டி ஏன் மும்பையில் தானாகவே அடுத்த விமானத்துக்கு மாறவில்லை?

எங்களைப் போலத் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருகிறவரை அமரவிளை செக்போஸ்டில் லாரிகள் எப்படி வரிசையாக நின்றன என்று நமக்கு நினைவிருக்கும். லாரிக்காரர் கையில் "நாகர்கோவில் டு கொல்லம்" என்று சரக்குச் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு வண்டி எங்கே போகிறது என்று சொல்லும், வரி விஷயம் முடிந்ததா என்று சொல்லாது. அதற்கு செக்போஸ்டில் நின்று வேறொரு முத்திரை வாங்க வேண்டும். பெட்டியின் டேக் அந்தச் சரக்குச் சீட்டு மாதிரி. அது விமான நிறுவனத்தின் காகிதம். சுங்கம் அரசாங்கத்துடையது.

1962-ன் சுங்கச் சட்டப்படி வெளிநாட்டில் இருந்து வருகிற பயணி தன் சாமான்களைப் பற்றித் தானே சுங்க அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். உள்நாட்டு விமானம் இறங்குகிற கூடத்தில் சுங்க அதிகாரியும் இல்லை, வரி கட்ட வேண்டிய சாமான் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியும் இல்லை. சென்னையில் இருந்து வந்த பெட்டியும் ஷார்ஜாவில் இருந்து வந்த பெட்டியும் ஒரே பெல்ட்டில் கலந்து வந்தால் யார் பிரித்துப் பார்ப்பது? ஆகவே பொதுவாக உள்நாட்டு விமானத்தின் வயிற்றுக்குள் போவதற்கு முன்பே, அதாவது இந்தியாவில் கால் வைக்கிற முதல் விமான நிலையத்திலேயே, ஆளும் பெட்டியும் சேர்ந்து சுங்கத்தைக் கடக்க வேண்டும். பெட்டிக்கான நாட்டு எல்லை அந்த மும்பை பெல்ட்டுக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் இருக்கிறது, அதை நீங்கள்தான் கையால் தள்ளிக்கொண்டு தாண்ட வேண்டும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேர்மாறு. நீங்கள் சென்னையில் இருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஹாம்பர்க் போனால் கைப்பை ஃபிராங்க்ஃபர்ட்டில் சுங்கத்துக்கு உட்பட்டது, விமானத்தின் வயிற்றில் போட்ட பெட்டி ஹாம்பர்க்கில்தான். அப்படியானால் ஹாம்பர்க் பெல்ட்டில் உள்நாட்டுப் பெட்டியையும் வெளிநாட்டுப் பெட்டியையும் எப்படிப் பிரிக்கிறார்கள்? ஒன்றியத்துக்குள் இருந்து புறப்படுகிற பெட்டியின் டேக்கில் இரு ஓரத்திலும் பச்சைக்கோடு இருக்கும். கோடில்லாத டேக் என்றால் வெளியே இருந்து வந்தது. இவ்வளவு எளிய ஒரு ஏற்பாடு இத்தனை கோடிப் பெட்டிகளைப் பிரிக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. அமெரிக்காவில் வழக்கம் நம்மைப் போலத்தான், முதலில் இறங்கும் ஊரிலேயே எடுக்க வேண்டும். அபுதாபி, டப்ளின் மாதிரி சில இடங்களில் மட்டும் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து விமானம் ஏறுவதற்கு முன்பே சோதனையை முடித்துவிடுகிறார்கள்.

மும்பையில் இறங்கியதும் நடப்பது இதுதான். குடியேற்ற முத்திரை, பிறகு பெல்ட். பெட்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே சுங்கத்தின் எக்ஸ்ரேயைக் கடந்து வந்திருக்கலாம், சந்தேகம் இருந்தால் மேலே சாக்கட்டியால் குறி போட்டிருப்பார்கள். அப்புறம் இரண்டு வழி. பச்சை வழியில் நடப்பதே "வரி கட்ட வேண்டியது எதுவும் என்னிடம் இல்லை" என்று அறிவிப்பதற்குச் சமம். தெரியாமல் நடந்துவிட்டேன் என்று பிறகு சொல்வது எடுபடாது. 2016-ன் விதிகளில் வளைகுடாவில் இருந்து வருகிற இந்தியருக்கு வரியில்லாத வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் அது 75,000 ஆனது. இந்த எண்ணையும் நகை வரம்பையும் அரசு மாற்றும், புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டிவி பற்றி நிறையப் பேருக்கு இன்னும் பழைய நினைப்பு இருக்கிறது: 2013 ஆகஸ்டில் இருந்தே தட்டை டிவிக்கு இந்தச் சலுகை கிடையாது, வரி கட்டியே ஆக வேண்டும்.

சுங்கம் தாண்டியதும், இரண்டு விமானத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்றால், பக்கத்திலேயே மாறுபயணக் கவுன்டர் இருக்கும். அதே டேக்கோடு பெட்டியைக் கொடுத்தால் போதும், அங்கிருந்து அது உள்நாட்டுக் கன்வேயருக்குள் போய்விடும். ஆனால் மறுபடியும் பாதுகாப்பு எக்ஸ்ரே உண்டு. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பெட்டி கையில் இருக்கிறதே என்று தோள்பையின் கனத்தைக் குறைக்க எதையாவது எடுத்து உள்ளே திணிப்பார்கள், அதில் பவர் பேங்கும் போய்விடும். லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் விமானத்தின் அடிவயிற்றில் யாரும் கிட்டே போய் அணைக்க முடியாது, அதனால் அது எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. டேக் மும்பையோடு முடிந்துவிடும். வெளியே வந்து, புறப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வாசலில் டிக்கெட் காட்டி, புதிதாகப் பெட்டி போட வேண்டும். வளைகுடாவில் 30 கிலோ விட்டிருப்பார்கள், உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோதான், மீதிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். உள்நாட்டுக் கவுன்டர் புறப்பாட்டுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நாலாயிரம் மிச்சம் பிடிக்கத் தனி டிக்கெட் போடுவதை, சாமானோடு வருகிறவர்களுக்கு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

போகும்போது இந்தச் சிக்கல் இல்லை. திருவனந்தபுரத்தில் போட்ட பெட்டி, ஒரே டிக்கெட்டில், மும்பையில் தானாக மாறி வெளிநாடு போய்விடும். விலையுயர்ந்த கேமராவோ நகையோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: "இது இங்கிருந்து போனதுதான்" என்று சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வரிப் பேச்சு வராது. அதற்குப் பொருளை நேரில் காட்ட வேண்டும், ஆகவே அது கைப்பையில் இருக்க வேண்டும்.

பெட்டி வரவேயில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே புகார்ப் படிவம் எழுதி எண் வாங்குங்கள். என் மைத்துனனுக்குப் பெட்டி திரும்பக் கிடைத்தது அந்த எண்ணாலும், போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த டேக் துண்டாலும்தான்.

இன்னொன்று, வளைகுடாவில் இருந்து நேரே திருவனந்தபுரம் வந்து அங்கிருந்து சென்னை போகிறவர்களுக்கு. சர்வதேச முனையம் சாக்கையில், பெரும்பாலான உள்நாட்டு விமானங்கள் சங்குமுகம் பக்கத்தில், நடுவில் ஓடுபாதை. பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். வருஷத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும், அப்போது சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். டிக்கெட் போடும்போது அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.