"முகாம் பிள்ளையள் எழும்புங்கோ" எண்டு சொல்லாதேங்கோ ரீச்சர்

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலையிருந்து சண்டையாலை 1990இலை இடம்பெயர்ந்து முகாமுக்குப் போன சனத்தின்ர பிள்ளையள், பேரப்பிள்ளையளோட கதைக்கிறதுதான் என்ர வேலை. மானிடவியல் எண்டு பேர்தான் பெரிசு, செய்யிறது அனேகமா அதுகளோட சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறது.

ஏன் நடக்கவேணும் எண்டா, வகுப்புக்கை வைச்சு நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டா குடியியல் புத்தகத்திலை இருக்கிற விடை அப்பிடியே வரும், பின்னாலை சேர் நிக்கிறார் எல்லோ. அதே பெடியன் ரியூசன் முடிஞ்சு வரேக்கை தன்ர ஊர் மயிலிட்டி எண்டுவான். அங்கை அவன் ஒருநாளும் இருந்ததில்லை, ஆமியிட்டையிருந்து அந்த ஊர்த் துறைமுகம் விடுபட்டதே 2017இலைதான், ஆனா கிணறு எங்கை, கோயில் எந்தப்பக்கம் எண்டு அம்மம்மா சொல்லி எல்லாம் பாடம். கம்பஸ் பிள்ளையள், அதிபரின்ர அறையிலை நிரப்பின கேள்விக்கொத்தை நம்பி தேசிய உணர்வைப் பற்றி ஆய்வு எழுதிப்போடாதேங்கோ.

தான்சானியாவிலை இருந்த புருண்டி ஹுட்டு அகதியளோட 1980களிலை வேலை செய்த லீசா மால்க்கி எண்ட மானிடவியலாளர் ஒண்டைக் கண்டவ. முகாமிலை இருந்தவை தங்கடை தேசத்தின்ர கதையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தவை, கிகோமா ரவுணுக்கை இருந்தவை அகதி எண்டு காட்டாமல் அங்கத்தைச் சனத்தோட கலந்திட்டினம். இஞ்சை எனக்குப் படுறது என்னெண்டா, எங்கடை பிள்ளையள் ஒரே நாளிலை ரெண்டும் செய்யுதுகள். முகாமுக்கை ஊர்க்கதை, பள்ளிக்கூட கேற்றுக்குள்ளை வந்தவுடனை எல்லாத்தையும் ஒளிக்கிறது.

ஒளிக்கப் பண்ணுறது நாங்கள்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுக் காசிலை கொப்பி வந்தது, பனரும் கமராவும் கூடவே வந்தது, ரீச்சர் நல்ல மனசோடைதான் "முகாம் பிள்ளையள் எழும்புங்கோ" எண்டவ. ஒம்பதாம் வகுப்புப் பெட்டை ஒண்டு, சப்பாத்து முன்பக்கம் வாய் பிளந்து கிடக்கு, அந்தக் காலை மேசைக்குக் கீழை இழுத்து வைச்சுக்கொண்டு எழும்பவேயில்லை. பக்கத்திலை இருந்தவள் இவளின்ர முகத்தைப் பாக்கிறாள், இவள் கரும்பலகையைப் பாக்கிறாள், அதிலை ஒண்டும் எழுதியிருக்கேல்லை. கொப்பியும் கிடைக்கேல்லை. பிறகு ஸ்ராவ் ரூமிலை "உதுகளுக்குத் திமிர்" எண்டு ஒராள் சொல்லுறார், எனக்கு வந்த கோவத்துக்கு தேத்தண்ணியையும் குடிக்காமல் வந்திட்டன்.

ஆர் எங்கை இருக்கினம் எண்டது ஒபிஸ் பதிவிலை இருக்குத்தானே ரீச்சர், வகுப்புக்கு முன்னாலை ஏன் கேக்கிறியள்? தாய் தேப்பனைக் கூப்பிட்டுக் குடுங்கோ, இல்லாட்டி முழு வகுப்புக்கும் குடுங்கோ, காணாட்டி பழைய மாணவர் சங்கத்திட்டை கேளுங்கோ. குடுக்க வாறவை படம் எடுத்துத்தான் ஆகோணும் எண்டு நிண்டா கொப்பிக்கட்டைப் படம் எடுக்கட்டும்.