பயற்றங்காய் இலை மஞ்சளானால் யூரியாவுக்கு ஓடாதீர்கள்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பக்கம் ஜனவரி வந்துவிட்டால் மழை குறைந்துவிடும், மார்ச் வரைக்கும் வெயில்தான். அந்த மாதங்களில் பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் மண் பார்க்கப் போனால் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். பயற்றங்காய் இலை மஞ்சளாகிறது, கச்சான் (நிலக்கடலை) செடி வளரவே மாட்டேன் என்கிறது, “தம்பி, ஒரு கை யூரியா போட்டா பச்சை வந்துருமா?” வரும்தான், கொஞ்ச நாளைக்கு. ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

பிடுங்காதீர்கள், தோண்டுங்கள். பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக அலசினால் வேரில் மிளகு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் உருண்டைகள் தெரியும். அவைதான் வேர்முடிச்சுகள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு மாற்றித் தரும் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் இடம். ஒன்றைக் கிள்ளி எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே ரோஸாகவோ சிவப்பாகவோ இருந்து நகத்தில் சாறு ஒட்டினால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நின்றுவிட்டது. வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் இளம் முடிச்சு, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விரலால் தேய்த்தும் உதிராமல் வேரே வீங்கினாற்போல் இருந்தால் அது முடிச்சே இல்லை, நூற்புழு. அதற்கு வைத்தியம் வேறு.

அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவு, பெயர் லெக்ஹீமோகுளோபின். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது, பாக்டீரியாதான் தன் நைட்ரஜனேஸ் நொதியால் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. சிக்கல் என்னவென்றால் ஆக்சிஜன் பட்டால் இந்த நொதி கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிடவும் ஆக்சிஜன் வேண்டும். அதனால் ரேஷன் கடைக்காரர் மாதிரி ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது லெக்ஹீமோகுளோபின். இவ்வளவுக்கும் கூலி, செடி இலையில் தயாரித்து வேருக்கு அனுப்பும் சர்க்கரை.

இப்போது மண் காய்கிறது என்று வையுங்கள். செடி வாடுவது நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே முடிச்சு வேலையைக் குறைத்துவிடும், பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். தண்ணீர் குறைந்தால் முடிச்சுக்குள் ஆக்சிஜன் போவதும் குறைகிறது, சேர்ந்த நைட்ரஜனை வேரிலிருந்து மேலே ஏற்றவும் தண்ணீர் போதவில்லை, அது தேங்கத் தேங்க உற்பத்தியும் படுத்துவிடுகிறது. புதிதாக விதைத்த பாத்தியில் நிலைமை இன்னும் மோசம். மண்துகள்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய ஈரத்தில் நகர்ந்துதான் பாக்டீரியா வேருக்கு வந்து சேர வேண்டும். ஈரம் இல்லையென்றால் அது கிட்டவே வராது. வெட்டவெளி மண் வெயிலில் கொதித்தால் கணிசமான பாக்டீரியா செத்தும் போகும்.

இந்த நேரத்தில் யூரியாவைக் கொட்டினால், நைட்ரஜன் சும்மா கிடைக்கும்போது பாக்டீரியாவுக்கு எதற்குச் சோறு போட வேண்டும் என்று செடி புது முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். அப்புறம் மழை வந்தாலும் அந்தச் செடி உங்கள் கையைத்தான் எதிர்பார்த்து நிற்கும்.

தோட்டங்களுக்கு இது புதிதில்லை. ரப்பர், செம்பனை மறுநடவில் வரிசைகளுக்கு நடுவே புயராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா கொடிகளை ஓடவிடுவது பழைய வழக்கம், இப்போது இந்தியாவிலிருந்து வந்த முக்குனா பிராக்டியேட்டாவும் பரவலாக இருக்கிறது. இவை எல்லாமே பயறு குடும்பம்தான். நைட்ரஜன் ஒரு பக்கம் கிடைக்க, கொடி மண்ணை மூடிக் குளிர்ச்சியாகவும் வைக்கிறது. கொடி விதைக்கும்போது தோட்டத்தில் பாறை பாஸ்பேட் போடுவதும் காரணமாகத்தான், பாஸ்பரஸ் இல்லாமல் முடிச்சு தேறாது. வீட்டுக் கொல்லைக்கும் இதே கணக்குதான். நம் மேட்டு நில மண் பெரும்பாலும் அமிலம், pH 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கும். அந்த மண்ணில் நொதிக்கு வேண்டிய மாலிப்டினம் செடிக்குக் கிடைக்காது, அலுமினியம் வேரைக் கடிக்கும். விதைப்பதற்குச் சில வாரம் முன்னாலேயே அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து விடுங்கள்.

ரைசோபியம் பொடி வாங்கினால் காரில் வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், உள்ளே இருப்பது உயிர். ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே ஈர மண்ணில் விதைத்து மூடிவிடுங்கள். பூஞ்சை மருந்து பூசிய விதை என்றால் இது பெரும்பாலும் வீண்தான். விதைத்தபின் வெட்டிய லாலாங் புல்லையோ காய்ந்த இலையையோ கனமாகப் பரப்பி (லாலாங்கைக் கிழங்கில்லாமல், பூக்கும் முன் வெட்டியதாகப் பாருங்கள்), மாலையில் வேர் நனையும்படி ஊற்றுங்கள். மேலாகத் தெளித்துவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை.

காய் பறித்து முடிந்ததும் பயற்றங்காய்க் கொடியை வேரோடு பிடுங்கி எரிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தண்டைத் தரையோடு அறுத்து, கொடியை நறுக்கி அங்கேயே போட்டு, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள். அதே பாத்தியில் அடுத்து சாவியோ (கடுகுக்கீரை) வேறு கீரையோ விதைக்கும்போது யூரியாவைக் குறைத்தே போடலாம்.