ஹெட்லைட் மங்குவது ஏன், தெளிய வைப்பது எப்படி

பழைய அம்பாசடரின் வட்ட ஹெட்லைட் எத்தனை ஆண்டு வெயிலில் நின்றாலும் மஞ்சளானதில்லை. உள்ளே இருந்த பிரதிபலிப்பான் துருவேறி மங்கியிருக்கலாம். முன்னால் இருந்த கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. இன்றைய கார்களில் நிலைமை தலைகீழ். எஞ்சின், பெயின்ட் எல்லாம் நன்றாக இருக்கும்போதே விளக்கின் முகம் பழுத்துவிடுகிறது. எப்போதும் வெயில் பார்த்து நிற்கும் பக்கத்து விளக்கு இன்னும் சீக்கிரம் பழுக்கும்.

இப்போதைய விளக்குகளின் முன்பகுதி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாக உருவாக்கிய பொருள் இது. எடை கண்ணாடியில் ஏறத்தாழ பாதி. கல் தெறித்தாலும் எளிதில் உடையாது. வேண்டிய வளைவில் வார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் விளக்கின் வடிவத்தைக் கட்டுப்படுத்திய விதி 1983-இல் தளர்த்தப்பட்டதும், 1984 மாடல் லிங்கன் மார்க் 7 கார் இத்தகைய விளக்கோடு சாலைக்கு வந்தது.

பாலிகார்பனேட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. சுலபமாகக் கீறல் விழும். புற ஊதாக் கதிரைத் தாங்காது. அந்தக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அப்போது உருவாகும் புதிய சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குகின்றன. நீலம் போன பிறகு எஞ்சுவதுதான் நாம் காணும் மஞ்சள். இதைத் தடுக்கவே தொழிற்சாலையில் விளக்கின் மேல் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ஒரு கடினப் பூச்சைக் கொடுக்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய அந்தப் பூச்சு இருக்கும்வரை விளக்குக்குக் கேடில்லை. வெயில், மணல், பூச்சிகளின் எச்சம், தேய்த்துக் கழுவும் துணி எல்லாம் சேர்ந்து அதில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். பிறகு அது செதில் செதிலாக உரியத் தொடங்கும்.

மஞ்சளைவிடப் பெரிய தொல்லை மூட்டம்தான். தெளிவான கல்கண்டைப் பொடித்தால் வெள்ளையாகிவிடுகிறது அல்லவா? பொருள் மாறவில்லை, பரப்புகள் பெருகி, ஒளி நேராகப் போக வழியில்லாமல் சிதறுகிறது. வெடித்த பூச்சிலும் இதேதான் நடக்கிறது. சாலையில் விழ வேண்டிய ஒளி நாலாபுறமும் தெறித்து, எதிரே வருபவரின் கண்ணில் பாய்கிறது. அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018-இல் வெளியிட்ட சோதனையில், மோசமாக மங்கிய விளக்குகள் புதியவை தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தந்தன. தெருவிளக்கில்லாத சாலையில் குறுக்கே வரும் மாட்டையோ சைக்கிளையோ அந்த ஒளியில் எவ்வளவு தொலைவில் பார்க்க முடியும்? அழகுக்காக மட்டும் செய்யும் வேலையல்ல இது.

தொடங்குமுன் ஒரு எளிய சோதனை. மங்கிய விளக்கின் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் அந்த நுண்ணிய வெடிப்புகளை நிரப்பும். காற்றைவிட நீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) பிளாஸ்டிக்குக்கு நெருக்கமானது என்பதால் சிதறல் குறைந்து, விளக்கு தெளிந்ததுபோல் தெரியும். காய்ந்ததும் மீண்டும் மங்கும். அப்படியானால் கோளாறு வெளிப்பரப்பில்தான், சரிசெய்யலாம். நனைத்தும் தெளியாவிட்டால் மூட்டம் உள்பக்கம் இருக்கலாம். அதற்கு வெளியே தேய்த்துப் பயனில்லை.

சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் நீரில் தேய்க்கும் உப்புத்தாளை எடுங்கள். 800-இல் தொடங்கி 1500, 2000, 3000 என்று ஏற வேண்டும். 800 எண் தாளின் துகள் ஏறத்தாழ 22 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2000-இல் 10. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழித்துவிட்டு, தன் பங்குக்குச் சிறிய கீறலை விட்டுச்செல்லும். அதனால் ஒரு தாளைக் கிடையாகத் தேய்த்தால் அடுத்ததைச் செங்குத்தாகத் தேய்ப்பது நல்லது. பழைய கீறல் மிச்சமிருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதல் தாளைத் தேய்க்கும்போது வழியும் நீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் மஞ்சளாக, கொழகொழவென்று வரும். அது செத்த பூச்சு. போகப்போகப் பால்போல் வெளுக்கும். பழைய பூச்சு எங்காவது தங்கியிருந்தால் தீவுபோல் ஓரம் கட்டித் தெரியும். அது முழுதும் போகும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். கடைசியில் பாலிஷ் போடும்போது கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது அரை மைக்ரான் அளவைவிடச் சிறிதாகின்றன. ஒளி சிதறாமல் கடக்கிறது, பிளாஸ்டிக் தெளிகிறது.

பற்பசையும் மென்மையான உராய்வுத் தூள்தான். லேசான மூட்டத்தை அது குறைக்கும், ஆழமான வெடிப்பை ஒன்றும் செய்யாது. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டியைத் துடைத்துவிடச் சொல்லும் காணொளிகளை நம்பவே வேண்டாம். டீட் பாலிகார்பனேட்டின் மேற்பரப்பை இளக்கிவிடும். பார்த்த மாத்திரத்தில் பளபளக்கும்; பிறகு முன்பைவிட மோசமாகும். தின்னரும் பெட்ரோலும் அதே ரகம்.

தேய்த்து முடித்த விளக்கு இப்போது தோலுரித்த நிலையில் இருக்கிறது. பளபளப்பைப் பார்த்து இத்தோடு நிறுத்தினால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஹெட்லைட் பூச்சைக் கொடுக்க வேண்டும். துணியால் பூசும் வகையும் உண்டு, ஸ்ப்ரேயும் உண்டு. இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் ஸ்ப்ரே அதிகம் உழைக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும். உரிய சுவாசக் கவசம் இல்லையென்றால் அதைப் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டில் செய்பவருக்குத் துணியால் பூசும் வகைதான் என் பரிந்துரை. தூசியும் நேர் வெயிலும் இல்லாத இடத்தில் பூசி, டப்பாவில் சொன்ன நேரம்வரை ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பூச்சு தொழிற்சாலைப் பூச்சின் அளவுக்கு உழைக்காது. லேசாக மங்கத் தொடங்கும்போதே கவனித்தால் 800-க்குப் போக வேண்டியதில்லை. 2000-இலிருந்து தேய்த்து, மறுபடி பூசினால் போதும்.