சாரிட்டி: ஒரு சொல்லும் அதன் தமிழும்

போன மாதம் ஒரு கருத்துக்கணிப்புப் படிவம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. இல்லாதவர்களுக்கு உதவுகிற சாரிட்டிகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், அவற்றை நம்புகிறார்களா, கொடுத்த பணம் போய்ச் சேர்கிறது என்று நினைக்கிறார்களா என்றெல்லாம் கேள்விகள். கேள்விகளை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். சாரிட்டி என்ற ஆங்கிலச் சொல் வந்த இடங்களில் மட்டும் கோடு போட்டு விட்டிருந்தேன். அந்தக் கோட்டை நிரப்ப இரண்டு வாரம் ஆயிற்று.

முதலில் 'தர்ம ஸ்தாபனம்' என்று எழுதிச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தர்ம ஸ்தாபனத்தை நம்புவீர்களா?" "நமக்கு எதுக்குப்பா தர்மம்? நாம நல்லாத்தானே இருக்கோம்" என்றார். சரி, 'தொண்டு நிறுவனம்' என்று மாற்றிக் கேட்டேன். "தொண்டுன்னு சொல்லிக்கிட்டுச் சம்பளம் வாங்குறாங்களே, அது என்ன தொண்டு?" கடைசியாக 'ட்ரஸ்ட்' என்றேன். பதிலே சொல்லாமல் சிரித்தார்.

கேள்வியும் ஒன்று, ஆளும் ஒருவர்தான். ஆனால் சொல்லை மாற்ற மாற்றப் பதிலும் மாறிவிட்டது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, எதைச் சுமந்துகொண்டு வருகின்றன என்று பார்க்காமல் அந்தக் கோட்டை நிரப்ப முடியாது என்று அப்போது தெரிந்தது.

சாரிட்டிக்கு மூலம் லத்தீனின் 'காரித்தாஸ்'. அதற்கும் அடியில் இருப்பது 'காருஸ்'. அன்புக்குரியது என்றும் பொருள், விலை கூடியது என்றும் பொருள். நம்முடைய 'அருமை' என்ற சொல்லிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு: எளிதில் கிடைக்காததும் அருமை, மனத்துக்கு நெருக்கமானதும் அருமை. ஆக, சாரிட்டியின் முதல் பொருள் அன்பு. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் விசுவாசம், நம்பிக்கை என்ற இரண்டோடு மூன்றாவதாகச் சாரிட்டி வரும். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அந்த இடத்தில் அன்பைக் குறிக்கும் நேர்ச்சொல்லையே போட்டுவிட்டன. தமிழ் விவிலியத்திலும் அங்கே 'அன்பு'தான்.

அன்பு எப்படி அமைப்பாயிற்று? அந்த ஆங்கில விவிலியத்துக்குப் பத்து ஆண்டு முன்னால், 1601இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. நற்காரியத்துக்கென்று ஒதுக்கிய சொத்து வேறு வழியில் போகாமல் தடுக்க வந்த சட்டம். எவையெல்லாம் சாரிட்டி என்று அதன் முகவுரை வரிசையாகச் சொல்கிறது: முதியவர், இயலாதவர், ஏழை ஆகியோருக்கு உதவுவது, காயம்பட்ட படைவீரரைப் பராமரிப்பது, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவுவது, சிறைப்பட்டவரை மீட்பது, பாலங்களைப் பழுதுபார்ப்பதுகூட. அன்பு என்ற பொருளிலிருந்து பாலம் பழுதுபார்ப்பது வரை சொல் நடந்துவிட்டது. நடந்த தூரத்தில் சூடும் ஆறிப்போயிற்று போல. 'சாரிட்டியைப் போலச் சில்லிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடரே இருக்கிறது. முகம் பார்க்காமல், வரிசையில் நிற்கவைத்து, படிவம் நிரப்பச் சொல்லி ஓர் அலுவலகம் கொடுக்கும் உதவியின் குளிர்ச்சி அது. வாங்கும் பக்கம் நின்றவர்களின் அனுபவத்திலிருந்து வந்த தொடர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். வழக்கில் முதலில் நிற்பது தர்மம். 'தாங்குதல்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தது. கடமை, நெறி, ஒழுங்கு என்று அங்கே பெரிய பரப்பு உண்டு. தமிழ்ப் பேச்சுக்கு வந்தபோது அதில் ஒரு மூலைதான் நிலைத்தது. 'தர்மம் பண்ணு' என்றால் காசு போடு என்று பொருள். அப்புறம் அது ஒரு முன்னொட்டாகவும் ஆகிவிட்டது. இலவச மருத்துவமனை தர்மாஸ்பத்திரி. கட்டணம் இல்லாத வரிசை தர்ம தரிசனம். கூட்டம் சேர்ந்து ஆளாளுக்குப் போடும் அடி தர்ம அடி! இங்கெல்லாம் 'தர்ம' என்றால் ஓசி. ஓசி என்றால் மட்டம் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. சித்தப்பா பதறியதில் வியப்பில்லை. தர்மம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தன்னைக் கொடுப்பவராக நினைக்கவில்லை, வாங்குபவராக நினைத்துக்கொண்டார்.

தொண்டு வேறு வகை. அடிமைத்தனம், ஊழியம் என்பது அதன் பழைய பொருள். இறைவனுக்கு அடிமை பூண்டவர் தொண்டர். (பழந்தமிழில் தொண்டு என்றால் ஒன்பது என்றும் ஒரு பொருள் இருந்தது, அது தனிக்கதை.) பக்தியிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தபோதும் அந்த அடிமைத்தன்மை விடவில்லை. தொண்டர் கூலி கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. இந்தச் சொல்லைத் தூக்கி ஒரு நிறுவனத்தின் தலையில் வைத்தால் என்ன ஆகும்? கணக்கர் வேண்டும், வண்டி ஓட்ட ஆள் வேண்டும், மருந்தைக் கெடாமல் வைக்கக் கிடங்கு வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் சம்பளம். 'தொண்டு' என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே 'சம்பளம்' என்ற சொல் திருட்டு மாதிரி ஒலிக்கிறது.

தமிழில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை இது. நிர்வாகச் செலவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல அமைப்பு என்று பல நாடுகளில் மக்கள் நம்புகிறார்கள். 2013இல் அமெரிக்காவில், அறக்கொடை அமைப்புகளின் தகவலைத் திரட்டுவதும் அவற்றை மதிப்பிடுவதுமாக இருந்த மூன்று நிறுவனங்கள் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று கொடையாளர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதின. அந்த விகிதத்தைப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்ததில் அப்படிப்பட்ட மதிப்பீடுகளுக்கும் பங்கு உண்டு என்பது வேடிக்கை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று வளர்ந்தவர்கள் நாம், அளக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதை அளப்பது என்பதுதான் வழக்கு. சம்பளத்தை அளப்பது எளிது. ஒரு பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போனதை அளப்பது கடினம். அளக்க எளிதானதையே நாம் அளக்கிறோம், அதற்குத் 'தொண்டு' என்ற சொல்லும் துணை நிற்கிறது.

ட்ரஸ்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆங்கிலத்தில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். ஒருவரை நம்பிச் சொத்தை ஒப்படைத்து, வேறொருவர் நலனுக்காகப் பராமரிக்கச் சொல்லும் ஏற்பாடு. தமிழ்ப் பேச்சில் 'அவரு ஒரு ட்ரஸ்ட் வெச்சிருக்காரு' என்று சொல்லும்போது கண்ணடிப்பும் சேர்ந்தே வரும். நம்பிக்கை என்று பொருள்படும் ஒரு சொல் அவநம்பிக்கைக்கே அடையாளமாகிவிட்டது.

அதற்கான தமிழ், அறக்கட்டளை, இவ்வளவு கெட்டுப்போகவில்லை. கட்டளை என்றால் ஆணை மட்டும் இல்லை. கோயிலில் இன்ன காரியம் இன்ன வருமானத்தில் நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்கும் கட்டளை என்றே பெயர். ஆகவே அறக்கட்டளை என்பது அறத்துக்காக எழுதிவைத்த ஏற்பாடு. ட்ரஸ்டிக்கு 'அறங்காவலர்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சொத்துக்குக் காவல் என்று சொல்லாமல் அறத்துக்குக் காவல் என்று சொல்லிவிட்டார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறம் என்ற சொல்லில் கொடையும் உண்டு, நீதியும் உண்டு. பழந்தமிழ் நாட்டில் நீதிமன்றத்துக்கு 'அறங்கூறவையம்' என்று பெயர். எபிரேய மொழியிலும் இப்படித்தான். ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கும் 'செதாக்கா' நீதி என்ற வேரிலிருந்து வந்தது. நீதியாகக் கொடுப்பதற்கும் இரக்கத்தால் கொடுப்பதற்கும் இடைவெளி பெரிது. நீதி என்றால் வாங்குபவர் தலைகுனிய வேண்டியதில்லை. இரக்கம் என்றால் நன்றி எதிர்பார்க்கப்படும், பெரும்பாலும் புகைப்படமும்.

இங்கேதான் ஈகை வருகிறது, என் பார்வையில் தமிழில் இருக்கிற மிக நுட்பமான சொல். கேட்பதற்குத் தொல்காப்பியம் மூன்று சொல் தருகிறது: ஈ, தா, கொடு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார். சமமானவரிடம் 'தா'. தாழ்ந்தவரிடம் 'கொடு'. இன்று தாவும் கொடுவும் வித்தியாசம் இல்லாமல் கலந்துவிட்டன, 'ஈ' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சொல் சாகவில்லை. 'ஈவு இரக்கம் இல்லாதவன்' என்று திட்டும்போது அது இருக்கிறது. கணக்குப் பாடத்தில் வகுத்தால் கிடைப்பது ஈவு. பங்குதாரருக்கு நிறுவனம் கொடுப்பது ஈவுத்தொகை. இல்லாதவருக்குக் கொடுப்பதைக் குறித்த சொல் பங்குச்சந்தைக்குப் போய்விட்டது! ரமலான் நோன்பு முடிந்து வரும் பெருநாளை ஈகைத் திருநாள் என்கிறோம்.

ஈகை எது என்பதற்குத் திருக்குறள் ஒரே குறளில் எல்லை போடுகிறது: வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் 'குறியெதிர்ப்பை'. இந்தக் குறியெதிர்ப்பை என்னவென்றால், பக்கத்து வீட்டில் ஒரு படி வாங்கி, அதே படியால் அளந்து திருப்பிக் கொடுப்பது. அதாவது கைமாற்று. திருப்பிக் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு கொடுத்தால் அது கடன், ஈகை இல்லை. பெயர்ப்பலகைக்காகக் கொடுப்பது, வரிச்சலுகைக்காகக் கொடுப்பது, புண்ணியத்துக்காகக் கொடுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புண்ணியத்துக்கான கொடையைப் புறநானூறு இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. ஆய் என்ற வள்ளலைப் புகழும் முடமோசியார், இந்தப் பிறவியில் செய்தால் அடுத்த பிறவிக்கு உதவும் என்று கொடுக்கும் 'அறவிலை வணிகன்' இவன் இல்லை என்கிறார். அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி. கொடையை விளம்பரமாக்குகிறவர்களைத் திட்ட இன்று புதிதாக ஒரு சொல்லைத் தேட வேண்டியதில்லை.

வாங்கும் பக்கத்தை எந்தச் சொல் பேசுகிறது? ஆத்திசூடியில் 'ஏற்பது இகழ்ச்சி', அதற்கு அடுத்த வரியே 'ஐயம் இட்டு உண்'. வாங்குவது கேவலம், கொடுத்துவிட்டுச் சாப்பிடு. எல்லோரும் முதல் வரியின்படி நடந்தால் இரண்டாம் வரியின்படி யாருக்குக் கொடுப்பது? சிறுவயதில் கேட்டு அதட்டு வாங்கிய கேள்வி இது. ஆனால் உதவி அமைப்புகள் பற்றிய பொதுமக்கள் மனநிலை முழுக்க இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது. கொடுப்பதை மெச்சுகிறோம், வாங்குகிறவரைச் சந்தேகிக்கிறோம். 'பாத்திரம் அறிந்து பிச்சை போடு' என்ற பழமொழியும் அதே சந்தேகம்தான். இன்னொன்று, ஐயம் என்ற அந்தச் சொல்லுக்கே இரண்டு பொருள்: இல்லாதவருக்கு இடுவதும் ஐயம், சந்தேகமும் ஐயம்.

நிவாரணத்தையும் தொட்டுவிடலாம். விலக்குதல், தடுத்தல் என்பது அதன் பொருள். துன்பத்தை விலக்குவதால் நிவாரணம். இன்று 'நிவாரணம் வந்துச்சா?' என்றால் மூட்டை வந்ததா, பணம் வந்ததா என்றுதான் பொருள். துன்பம் போயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. துயர்துடைப்பு என்பது இதற்கு நல்ல தமிழ். துடைப்பது என்ற வினை உள்ளே இருப்பதால் மூட்டையை இறக்கியதோடு வேலை முடிந்தது என்று அந்தச் சொல் சொல்லவிடாது.

என் தேர்வு இது. இல்லாதவருக்குக் கொடுக்கும் செயல் ஈகை. ஒரு பணிக்காகத் தரும் பணம் நன்கொடை. சொத்தை எழுதிவைத்து அறங்காவலர் நடத்தினால் அறக்கட்டளை. களத்தில் ஆள் இறங்கி வேலை செய்தால் தொண்டு நிறுவனம் என்ற பெயர் வழக்கில் ஊன்றிவிட்டது, அதை இனிப் பிடுங்க முடியாது. அரசு சாரா நிறுவனம் என்பதை மட்டும் நான் தவிர்ப்பேன். 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் வழியாகப் பரவிய ஆங்கிலத் தொடரின் நேர் மொழிபெயர்ப்பு அது. எது இல்லை என்று சொல்கிறதே தவிர, எது என்று சொல்வதில்லை. சாரிட்டி முழுவதற்கும் ஒரே தமிழ்ச்சொல் கேட்டால், என்னிடம் இல்லை. ஆங்கிலச் சொல் நான்கு வேலையை ஒருசேரச் செய்கிறது, தமிழில் அந்த நான்குக்கும் தனித்தனி ஆள் இருக்கிறார்கள்.

படிவத்தில் கடைசியாக 'இல்லாதவர்களுக்கு உதவும் அமைப்புகள்' என்று எழுதி அனுப்பினேன். தர்மமும் இல்லை, தொண்டும் இல்லை, ட்ரஸ்ட்டும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: கட்டத்தில் இடம் போதவில்லை, இரண்டு சொல்லுக்குள் தாருங்கள். 'உதவி அமைப்புகள்' என்று வெட்டிக் கொடுத்தேன். சித்தப்பாவிடம் மறுபடி படித்துக் காட்டினேன். "யாருக்கு உதவி?" என்றார்.