புள்ளி இல்லாத இடத்தில் பறவை இல்லை என்று யார் சொன்னது?

"ஆய்வுப் பிரதேசத்தில் குறிப்பிடத்தக்க வலசைப் பறவைகள் அவதானிக்கப்படவில்லை."

திருகோணமலையில் களப்போரக் காணி ஒன்றுக்காக எழுதப்பட்ட சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் இந்த வசனம் மறுபடியும் வந்திருக்கிறது. கள ஆய்வு எப்போது நடந்தது என்று பின்னிணைப்பைப் புரட்டினால், ஜூலையில் இரண்டே நாள். வடக்கேயிருந்து வரும் பறவைகள் ஓகஸ்ட் கடைசியில் இறங்கத் தொடங்கி, பெரும்பாலும் ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். கச்சான் அடிக்கிற மாதத்தில் போய் நின்று மாரி வெள்ளத்தைக் காணவில்லை என்று எழுதுவது எப்படியோ, இதுவும் அப்படித்தான்.

அதே அறிக்கையில் ஆதாரமாக, பறவை பதிவான இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டும் ஒரு பரம்பல் வரைபடம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள். கொட்டியாரக்குடாவைத் தாண்டி மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் வந்தால் வெள்ளை. "வரைபடமே சொல்கிறதே, இங்கே பறவை இல்லை" என்கிறார்கள். வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது ஒன்றுதான்: அங்கே எவரும் போய் எண்ணவில்லை.

இதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது. படித்தவர்களே திரும்பத் திரும்ப வழுக்கி விழும் இடம் இது.

ஒரு புள்ளி விழுவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று பறவை. மற்றது, அந்த நேரத்தில் அங்கே நின்று, அதை அடையாளம் கண்டு, எழுதி, அனுப்பிய ஓர் ஆள். இரண்டாவது இல்லாவிட்டால் பத்தாயிரம் ஊசிவால் வாத்து இறங்கினாலும் புள்ளி விழாது. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்? ஹோட்டல் இருக்கும் கரையில். வாகனம் நிறுத்த வசதியான குளக்கட்டில். ஏ6 வீதியோரத்தில். சனி, ஞாயிறில். இந்தப் புள்ளிகளை மெக்ஸ்என்ட் போன்ற மென்பொருளில் அப்படியே கொட்டி "பொருத்தமான வாழிடம்" வரைந்தால், அது கற்றுக்கொள்வது வாழிடத்தை அல்ல, வீதியை. படம் வண்ணமயமாக வரும், நம்பத்தான் முடியாது.

தென்பக்கத்து வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சம்பூர்ச் சனங்கள் 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, திரும்பி வரப் பல வருடமானது. ஊர்க்காரரே கால் வைக்க முடியாத இடத்தில் கொக்கை எண்ணுவது யார்? சோதனைச் சாவடியில் பையைத் திறந்ததும் ஒரு தொலைநோக்கி வெளியே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வருடங்களின் வெற்றிடத்தை இன்று "பறவையற்ற பகுதி" என்று வாசிப்பது அறியாமை. காணிக்குச் சாதகமாகத் தெரிந்தே அப்படி வாசிப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

சரி, ஆளும் போனார், பறவையும் இருந்தது. அப்போதாவது புள்ளி விழுமா? அதுவும் நிச்சயமில்லை. ஆறுமணிக் குருவியை எடுங்கள். மாரிகாலத்தில் நம்முடைய பற்றைக்காடுகளில் தங்குகிறது. விடியலிலும் பொழுதுபடும்போதும் இரட்டைக் குரலில் கூப்பிடும். இடையில் சருகுக்குள் சத்தமில்லாமல் இரை கிளறும். காலை பத்து மணிக்குப் போன குழு அதை "இல்லை" என்று எழுதும். ஊசிவால் வாத்து பகலில் களப்பின் நடுவே மிதந்து ஓய்வெடுக்கும். இரை தேடி வயலுக்கும் ஆழமில்லாத சதுப்புக்கும் போவது பெரும்பாலும் இரவில். பகல் தரவை மட்டும் வைத்து வரைந்தால் வயல் அதற்கு வேண்டாத நிலமாகிவிடும்.

கணக்கு எளிது. ஓர் இனம் அந்த இடத்தில் இருக்கும்போது ஒரு வருகையில் கண்ணில் படும் வாய்ப்பு பத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவை போனால் தவறவிடும் வாய்ப்பு 60 வீதம். இரண்டு தடவைக்கு 36. நான்கு தடவைக்கு 13. ஆறு தடவை போனால்தான் 5 வீதத்துக்குக் கீழே இறங்கும். ஆகவே ஒரு பருவத்தில் ஒரே இடத்துக்குக் குறைந்தது நான்கு வருகை. இரண்டு நாள் ஆய்வுக்காரர்கள் தயவுசெய்து இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசிக்கவும்.

மாவட்டம் முழுவதையும் இப்படி நடக்க முடியுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. திருகோணமலை மாவட்டம் 2,700 சதுர கிலோமீற்றருக்குச் சற்றே மேல். 5 கிலோமீற்றர் சதுரக் கட்டங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 110. கரையோர அரைகுறைக் கட்டங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். அவற்றைக் களப்பு, வயலும் குளமும், காடு, மணற்கரை என்று வகைபிரித்து, ஒவ்வொரு வகையிலும் சீட்டுக் குலுக்கி, மொத்தம் 30 கட்டம் எடுங்கள். குலுக்கல் முக்கியம், "நல்ல இடம்" பார்த்து எடுத்தால் பழைய நோயே திரும்பி வரும். 30 கட்டம், நான்கு வருகை, மாரி ஒன்று கோடை ஒன்று என இரண்டு பருவம்: 240 காலைப்பொழுது. ஆறு சோடி ஆட்கள் இருந்தால் சோடிக்கு 40. வாரக் கடைசிகளில் முடிகிற வேலைதான். சீட்டில் விழுந்த இடத்தில் யானை நடமாட்டம் இருந்தால் வேறு சீட்டு எடுங்கள், எடுத்ததை எழுதியும் வையுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்துக்குள் பறவைக்காகக் கூடப் போகாதீர்கள்.

ஒவ்வொரு வருகையிலும் சூரியன் உதித்து அரை மணிக்குள் தொடங்கி, 2 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஒரு மணிநேரம் நடந்து, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுத வேண்டும். காட்டுக்குள் என்றால் நடையைவிடப் புள்ளிக் கணக்கெடுப்பு நல்லது: ஓரிடத்தில் 10 நிமிடம், 50 மீற்றர் வட்டத்துக்குள் கண்டதும் கேட்டதும், அடுத்த புள்ளி 250 மீற்றர் தள்ளி. காற்று பலமாக அடித்தாலோ மழை தூறினாலோ நிறுத்திவிடுங்கள். நனைந்துகொண்டு எடுத்த தரவால் நனைந்ததுதான் மிச்சம்.

பறவைப் பட்டியல்களை இணையத்தில் பதியும் ஈபேர்ட் தளத்தைப் பாவிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பட்டியலை அனுப்பும்போது, கண்ட எல்லா இனங்களையும் பதிந்தீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். அதற்கு "ஆம்" போட்டால், நீங்கள் எழுதாத இனங்கள் எல்லாம் அங்கே உங்களுக்குத் தென்படவில்லை என்று கணக்காகும். அழகான நான்கைந்தை மட்டும் எழுதி, காகத்தையும் மைனாவையும் எழுத வெட்கப்பட்டு, "ஆம்" போட்டுவிட்டுப் போகிறார்கள். விளைவு, காகமே இல்லாத திருகோணமலை! மோட்டார் சைக்கிளில் 40 கிலோமீற்றர் ஓடி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவதும் வேண்டாம். எது கந்தளாய், எது தம்பலகாமம் என்று யார் பிரிப்பது?

இனி அமைவிடம். எக்செல் தாளில் வரும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "திருகோணமலை, 03/04, கூழைக்கடா, நிறைய". இது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா? நிறைய என்றால் முப்பதா, முந்நூறா? "திருகோணமலை" என்று மட்டும் போட்டால் மென்பொருள் அதை நகரின் நடுவில் குத்தும். புல்மோட்டையில் கண்ட பூநாரையும் வெருகலில் கண்ட நாரையும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்றாக நிற்கும்.

திருகோணமலை ஏறத்தாழ வடக்கு 8.57, கிழக்கு 81.23. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் பறவை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் விழும். நல்ல வேளை, அது கண்ணில் படுகிற பிழை. ஆபத்தானவை கண்ணில் படாதவை. 8 பாகை 34 நிமிடம் 12 செக்கன் என்பது 8.57, அதை 8.3412 என்று எழுதினால் புள்ளி 25 கிலோமீற்றர் தெற்கே போய் ஒரு காட்டில் நியாயமாகவே உட்கார்ந்திருக்கும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இலங்கைப் படங்களின் பழைய அளவை அடிப்படையான கந்தவளைத் தளத்தில் எடுத்த ஆள்கூறுகளை, ஜிபிஎஸ் பாவிக்கும் டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்து ஏற்றினால் நகர்வு சுமார் 200 மீற்றர். கண்டல் விளிம்பில் இருந்த கூடு களப்புத் தண்ணீருக்குள் போவதற்கு அது தாராளம். நில அளவைப் படங்களில் பழைய ஆள்கூற்றுக் கட்டத்தின் தொடக்க எண் 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டின் கட்டத்துக்கு 500,000. குழப்பினால் 300 கிலோமீற்றர் மேற்கும் 300 கிலோமீற்றர் தெற்குமாக இந்து சமுத்திரம்.

மருந்து சின்னது. தசமப் பாகையில், டபிள்யூஜிஎஸ் 84இல், ஐந்து தசமத் தானம். போன் திரையில் துல்லியம் 10 மீற்றருக்குள் வரும்வரை நில்லுங்கள். மரத்தின் கீழ் கொஞ்சம் நேரமெடுக்கும். நீங்கள் நிற்கும் இடம் பறவை நிற்கும் இடமல்ல: தூரத்தையும் திசையையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு தசமத் தானத்தோடு நிறுத்தினால் பிழை ஒரு கிலோமீற்றர் வரை போகலாம்.

வாழிடப் படத்தில் நடக்கும் கூத்து வேறு. சென்டினல்-2 செய்மதிப் படம் இலவசம், 10 மீற்றர் பிக்சல். நவம்பர் முதல் ஜனவரி வரை மேகம் மூடிக் கிடக்கும் என்பதால், மேகமில்லாத ஓகஸ்ட் படம் ஒன்றை எடுத்து வகைப்படுத்திவிடுகிறார்கள். ஓகஸ்டில் களப்போரத்து உவர்நிலம் வெடித்துக் கிடக்கும். மென்பொருள் "வெற்றுத் தரை" என்று பெயர் வைக்கும். ஜனவரியில் அதே தரையில் கணுக்கால் தண்ணீர், அதில் உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் தோளோடு தோள். வெற்றுத் தரை என்று பெயர் வாங்கிய நிலம் நிரப்புவதற்கு எவ்வளவு தோது என்று யோசித்துப் பாருங்கள். மகாவலி வெள்ளச் சமவெளியின் வில்லுகள் எனும் சதுப்புகளுக்கும் இதே கதி. பெப்ரவரி அல்லது மார்ச் தொடக்கத்தில் ஒரு தெளிந்த நாளைத் தேடிப் பிடித்து ஈரப்பருவப் படம் ஒன்றும், கோடைப் படம் ஒன்றும், இரண்டு அடுக்காக வேண்டும். வயலுக்கும் அப்படியே, உழுது தண்ணீர் கட்டிய வயலும் கதிர் முற்றிய வயலும் பறவைக்கு ஒன்றல்ல. கண்டல் ஓரிரு மர அகலமே உள்ள கரையை லாண்ட்சாட் செய்மதியின் 30 மீற்றர் பிக்சலில் தேடாதீர்கள், கிடைக்காது. முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் குறியுங்கள். நம்முடைய கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, களப்பின் நீர்மட்டத்தைப் பெரிதும் ஆட்டிவைப்பது முகத்துவாரத்தை அடைக்கும் மணல்திட்டுத்தான்.

இன்னுமொரு சிறு எரிச்சல். புறாத் தீவின் பாறைகளில் கூடு கட்டும் காட்டு மாடப்புறாவும் நகரத்துக் கூரைப் புறாவும் ஒரே வரியில் வேண்டாம். கோட்டை வாசலில் சாப்பாட்டுப் பொதிக்குக் கழுத்து நீட்டும் புள்ளிமானைக் காட்டு மானின் பரம்பலில் சேர்ப்பதும் அதே பிழை.

கடைசியாக, இது கண்டிப்பல்ல, கெஞ்சல். கோடையில் ஆலாவும் அனுமான் உப்புக்கொத்தியும் வெறும் மணலில் சிறு குழியில் முட்டையிடும். மணல் நிறம், புள்ளி போட்ட முட்டை. காலடியில் வரும்வரை தெரியாது. நடுப்பகலில் தாய் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும். நீங்கள் படமெடுக்க நின்றால் அது தூரத்தில் தத்தளிக்கும், முட்டை மணலில் வேகும், பின்னால் காகமும் நாயும் வரும். கூட்டின் ஆள்கூறுகளை முகநூலில் போடாதீர்கள். போன் படத்துக்குள்ளேயே அமைவிடம் ஒளிந்திருக்கும், அனுப்பமுன் அதை அழியுங்கள். துல்லியமான இடம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு மட்டும்; பொது வரைபடத்துக்கு 10 கிலோமீற்றர் கட்டம் போதும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. முன்னுரையில் நேரத்தைச் செலவழிக்காமல் நேரே பின்னிணைப்புக்குப் போங்கள். எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை மணிக்கு, எந்த ஆள்கூற்றில் நின்றார்கள், முகத்துவாரம் திறந்திருந்ததா, ஒன்றும் காணாத புள்ளிகளின் தாள் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால், "அவதானிக்கப்படவில்லை" என்ற சொல்லுக்கு முன்னால் "எங்களால்" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.