கிலோமீட்டரை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

இந்த வாரமும் ஒரு பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல இருக்கும் வண்டி) பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. ஓடும்போதே பின் டயர் வெடித்து, மட்கார்டைக் கிழித்து, அதற்கு மேலே இருந்த தண்ணீர்க் குழாயையும் பிய்த்திருந்தது. உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: "பட்டன் அப்படியே இருக்கே, எப்படி வெடிச்சது?" பட்டன் என்று அவர் சொன்னது, தரையில் படும் டயர்ப் பரப்பின் மேடுபள்ளத்தை.

இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வண்டிகளின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பது எனக்கும் புரிகிறது. 1950இல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனையும், மறு வருடமே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குச் செய்துகொடுத்த முகாம் சாமான்களையும் இன்றும் தேடி அலைகிறார்கள். 1973 முதல் 1978 வரை வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோமில் இன்ஜின் முன்சக்கரங்களை இழுப்பதால் பின்சக்கரங்களைச் சுழற்றத் தரைக்கு அடியில் ஓடும் ஷாஃப்ட் கிடையாது. தரை தாழ்வு, ஏறி இறங்க அத்தனை சுகம். கம்ப்யூட்டரை மாட்டாமல் ஸ்பேனரை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம் என்பதால் எங்களுக்கும் இவை செல்லப் பிள்ளைகள். ஆனால் திரைச்சீலைத் துணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர் பெட்ரோல் ஹோஸை ஒருமுறை குனிந்து பார்ப்பதில்லை.

"அதிகம் ஓடலை, புதுசு மாதிரி" என்பார்கள். ஓடாத டயர் தேயாது, சரி. ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே கெடும். டயர் உருண்டு நெளியும்போது ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு மேலே கசிந்து அதைக் காக்கும். மாதக்கணக்கில் நின்றால் அதுவும் இல்லை. வெயிலும் காற்றும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளைப் போட்டுவிடும். பட்டனைப் பார்த்தால் இது எப்படித் தெரியும்?

டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர், அதில் ஏறவே ஏறாதீர்கள். வெளிப்பக்கம் தேதி இல்லையா? டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து உள்பக்கம் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ஹோஸ்களை அரிக்கும். இன்ஜின் பின்னால் இருக்கும் வேனில் கசிவு ஓட்டுகிறவர் கண்ணில் படாது, புகை வந்த பிறகுதான் தெரியும். தீயணைப்பானைக் கதவோரம் மாட்டுங்கள், கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.

அப்புறம் கேஸ். இதில் எனக்குக் கோபமே வரும். குளிருகிறது என்று தரையோரக் காற்றுத் துளைகளில் துணியை அடைத்து வைக்கிறார்கள்! அவை இருப்பதே கசியும் கேஸ் வெளியேறத்தான். எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் தரையோரமாகவே இருக்க வேண்டும். கேஸில் ஓடும் பழைய ஃபிரிட்ஜுக்கு உள்ளே ஒரு சுடர் எரிகிறது. அதன் புகைவழியில் குளவி கூடு கட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு வாசனையே கிடையாது, அலாரம்தான் ஒரே வழி. அந்த அலாரத்தின் முதுகிலும் காலாவதித் தேதி இருக்கும். தயவுசெய்து இன்று இரவு தூங்கப் போகுமுன் அதைத் திருப்பிப் பாருங்கள்.