டிக்கெட் எடுக்கும் முன் பல்லைக் காட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இடது கன்னம் கொழுக்கட்டை போல வீங்கிய ஒரு பையன். "டாக்டரம்மா, அமாக்சிசிலின் எத்தனை மில்லிகிராம் போடலாம்? இங்கே கடையில் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்கிறார்கள்" என்று கீழே எழுதியிருந்தான். காரிமங்கலம் பக்கத்துப் பையன், பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஒரு செமஸ்டர் படிப்பதற்காக ஜெர்மனி போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

அவனுடைய கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் சிகிச்சையைத் தொடங்கியவள் நான்தான். பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, தற்காலிக சிமென்ட் வைத்து மூடிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். வலி நின்றுவிட்டது. அவன் வரவில்லை. விசா, பெட்டி, அத்தை வீட்டு விருந்து என்று நாள் ஓடி, பெங்களூருவில் விமானம் ஏறிவிட்டான். தற்காலிக சிமென்ட் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து வழிவிட்டதும் எச்சிலோடு கிருமியும் உள்ளே இறங்கி, வேர் நுனியில் சீழ் கட்டிவிட்டது. அங்கிருந்த பல் மருத்துவர் சீழை வடித்து வலியைப் போக்கினார். அவன் எடுத்திருந்த பயணக் காப்பீடு அவசர வலி நிவாரணத்தோடு நின்றுகொண்டது. மீதிச் சிகிச்சைக்குக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். வந்தபோது பல் நடுவில் விண்டிருந்தது. நானே பிடுங்கினேன்.

அவன் மேல் தப்பு இருக்கட்டும், என் மேலும் உண்டு. எப்போது கிளம்புகிறாய் என்று நான் கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் கல்லூரி வயதில் யார் வந்து நாற்காலியில் சாய்ந்தாலும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அந்தக் கேள்விதான்.

தர்மபுரியில் பிள்ளையை வெளிநாடு அனுப்பும் வீடுகளின் ஏற்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். கேழ்வரகு மாவு, பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய் எல்லாம் எடை மெஷினில் ஏறி இறங்கும். பல் மட்டும் யார் நினைவுக்கும் வராது. "நான்கு மாதம்தானே, வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அமெரிக்காவில் மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலும் பல் சேராது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் அந்நாட்டின் தேசியக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். அதில் சாதாரணப் பல் சிகிச்சையும் அடங்கும், 30 சதவீதம் நாம் கட்டினால் போதும். நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதால், பாலிசித் தாளில் பல் என்ற சொல் எங்கே வருகிறது, அதன் பக்கத்தில் 'அவசரம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. காவிப் பல்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜப்பானில் ஒரு செமஸ்டர். மேல் முன்பற்கள் நான்கிலும் தேங்காய் ஓட்டின் நிறத்தில் பட்டை பட்டையாகக் காவி, இரண்டு பற்களில் குண்டூசி குத்தியது போலச் சிறு குழிகள். சிரிப்பு வந்தால் துப்பட்டா நுனி வாய்க்குப் போய்விடும். கூட வந்த அப்பா, "பத்து நாளில் கிளம்புகிறாள் மேடம், அதற்குள் வெள்ளையாக்கிக் கொடுங்கள்" என்றார்.

முடியாது என்றேன். இது தேய்த்தால் போகிற கறை அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்குள் ஊறிவரும் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதற்கு மேற்பட்ட தண்ணீரைக் குடித்தால் எனாமலே பழுதாகத்தான் உருவாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013இல். இன்று இருபது, இருபத்தொரு வயதில் இருப்பவர்களின் முன்பற்களுக்கு நான்கைந்து வயதுக்குள்ளேயே எனாமல் கட்டி முடிந்துவிட்டது. அதாவது, ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்பே. அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்ததும் ஜப்பான்தான் என்று சொன்னேன். அப்பா மகளைப் பார்த்தார். "தண்ணீர் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது, மேடம்" என்றார்.

அவசரத்தில் ப்ளீச் செய்தால் பல் கூசும், காவி முழுவதும் போகும் என்ற உறுதியும் இல்லை. பல்லின் முன்பக்கம் மெல்லிய ஓடு போல வெனீர் ஒட்டுவதற்கு இருக்கிற எனாமலையும் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். இரண்டையும் திரும்பி வந்தபின் ஆற அமரச் செய்துகொள்ளலாம். விசா படத்துக்கு எப்படியும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும்!

அவளுக்கு அன்று நான் கொடுத்தது ஒரு கடிதம். என் லெட்டர்பேடில், ஆங்கிலத்தில், பதிவு எண்ணோடு நான்கே வரி: இது டென்டல் ஃபுளோரோசிஸ், குழந்தைப் பருவக் குடிநீரால் வந்தது, சொத்தை அல்ல, புகையிலைக் கறையும் அல்ல. வெளியூர் மருத்துவர் இவ்வளவு முற்றிய காவியை அரிதாகவே பார்த்திருப்பார். குழியைச் சொத்தை என்று எண்ணி, தேவையில்லாமல் குடைந்துவிடக் கூடாது. இன்னொன்று: இனி ஃபுளோரைடு பேஸ்ட்டே ஆகாது என்று பயந்து உப்பும் கரியும் கொடுத்து அனுப்பாதீர்கள். வளர்ந்து முடிந்த பல்லில் பேஸ்ட்டால் காவி வராது. சொத்தையைத் தடுக்க அது வேண்டும்.

ஞானப்பல் முளைக்கும் வயதும் வெளிநாடு கிளம்பும் வயதும் ஒன்றாக வந்து தொலைகிறது. ஞானப்பல் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் ஒரு முறையாவது ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் போயிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது எடுத்துவிடுங்கள். எடுத்த மூன்றாம், நான்காம் நாளில்தான் சிலருக்குக் குழி உலர்ந்து உயிர் போகிற வலி வரும். அன்று நீங்கள் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டிக்கொண்டிருக்கக் கூடாது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். ஊட்டியில் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பல்லுக்கு ஒன்றும் ஆகாது. நரம்பு புண்ணான பல்லோ, அடியில் காற்று தங்கிய ஃபில்லிங்கோ இருந்தால் அந்த அழுத்த மாற்றத்திலேயே வலி தெறிக்கும்.

மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுக்கும் அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் போடாதீர்கள். பெயர் இருக்கும் ஓரம் முந்தைய வாடிக்கையாளரோடு போயிருக்கும். முழு அட்டையாக, சீட்டோடு கொண்டுபோங்கள். பல் வலிக்கு இங்கே சாதாரணமாக எழுதப்படும் சில மாத்திரைகளில் டிராமடால் கலந்திருக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பாராசிட்டமாலை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசெட்டமினோஃபென் என்று கேட்க வேண்டும்.

தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த பல், நரம்பு எடுத்த பல், கேப் போட்ட பல் எல்லாம் அதில் தெரியும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்புகிறவர்கள் மே மாதமே வந்துவிடுங்கள். எங்கள் பக்கம் பாதிப் பேர் மாந்தோப்பிலும் மண்டியிலும் இருக்கும் காலம் அது. மதியத்தில் கிளினிக் காலியாகத்தான் இருக்கும்.